சொந்த மைதானம் இல்லாத சாம்பியன்கள்

தில்லியின் அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வலை கட்டிப் பயிற்சி நடத்திய ஒரு கிளப், அரை நூற்றாண்டில் ஒரு டஜன் சர்வதேச ஆட்டக்காரர்களை உருவாக்கியது. ஆனால் அதற்கென்று ஒரு சதுர அடி நிலம் இருந்ததில்லை.

சரோஜினி நகர் என்றதும் தில்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது மார்க்கெட். ஏற்றுமதியில் கழித்துவிடப்பட்ட சட்டைகள், பேரம், கூட்டம். 2005 அக்டோபர் 29 அன்று தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை வெடித்த குண்டும் சிலருக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே குடியிருந்தவர்களுக்கு அது முதலில் ஒரு காலனி. சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. அப்போது அதன் பெயர் விநய் நகர். அந்தப் பெயர் ஒரு வங்காளிப் பள்ளியின் பலகையிலும் சாணக்கியபுரிப் பக்கம் போகும் விநய் மார்க்கிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழர்களுக்கும் இந்த வட்டாரம் பழக்கமானதுதான். காலனிக்குள் பிள்ளையார் கோவில், பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, சற்றுத் தள்ளி ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர். ஒரு மயிலாப்பூர்க்காரர் டிரான்ஸ்ஃபரில் வந்து, ரிட்டயர் ஆகும்வரை இந்த நாலு மைலுக்குள்ளேயே வாழ்க்கையை முடித்துக்கொள்ள முடியும்.

காலனியின் அமைப்பு கிரிக்கெட்டுக்கென்றே போட்டது போல இருந்தது. இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் வரிசைகள் சதுரமாக நிற்கும். நடுவில் ஒரு புல்வெளி. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு டீம். டென்னிஸ் பந்து, செங்கல் ஸ்டம்ப், கண்ணாடி உடைந்தால் கலைந்து ஓட வேண்டும் என்ற ஒரே விதி. குளிர்காலத்தில் வெயில் காய வெளியே கட்டில் போட்டு உட்காரும் தாத்தாக்கள்தான் பார்வையாளர்கள், தேவைப்பட்டால் அம்பயர்கள்.

இந்த டீம்களுக்கு ஒரே ஒரு குறை. நிரந்தரம் கிடையாது. அப்பா ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பதவி உயர்வு வந்தால் பெரிய வீடு கிடைத்து வேறு காலனிக்குப் போக வேண்டும். ஓப்பனிங் பேட்ஸ்மன் ஒரு நாள் சாமான் லாரியில் ஏறிப் போய்விடுவான். அதனால் சதுரங்களின் டீம்கள் வரலாறு படைக்கவில்லை. தில்லியில் சாதாரணக் குடும்பத்துப் பையன்களின் கிரிக்கெட்டுக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறதென்றால், அது சரோஜினி நகரிலிருந்து மூன்று நான்கு மைல் தொலைவில், தௌலா குவான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி மைதானத்தில் வலை கட்டிய சானட் கிளப்பின் வரலாறுதான்.

அமெரிக்காவில் இதற்கு வேறு ஏற்பாடு. பேஸ்பால் ஆட்டத்தில் பெரிய நகரங்களின் அணிகள் மேல் தட்டில் ஆடும். அதற்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் சிறு லீக் அணிகள் இருக்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி 1920-களில் இந்தச் சிற்றூர் அணிகளைத் தன் நாற்றங்கால்களாக மாற்றினார். சிற்றூர் நாற்று வளர்க்கும். பெரிய ஊர் பிடுங்கி நட்டுக்கொள்ளும். செலவு பெரிய ஊருடையது. இந்தியாவிலிருந்து இரண்டு பேர் அந்த நாற்றங்காலை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேச கிராமங்களைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் பையன்கள் 2008-ல் ஒரு டி.வி. போட்டியில் பந்தை வேகமாக வீசித் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அமைப்பில் சேர்ந்து, 2009-ல் ஃபுளோரிடாவில் அதன் கடைநிலை அணிக்கு ஆடினார்கள். அந்தக் கதையை 2014-ல் டிஸ்னி படமாக எடுத்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான்.

இந்திய கிரிக்கெட்டிலும் நாற்றங்கால்கள் உண்டு. ஆனால் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னை லீகில் அணிகளுக்குப் பின்னால் கம்பெனிகள் நிற்கின்றன. இந்தியா சிமென்ட்ஸ், சன்மார், எம்.ஆர்.எஃப். போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்து, மைதானத்தைப் பராமரித்து, ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டன. தில்லியில் கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு தனி மனிதர். அவருக்கு ஒரு மூட்டை பேட், இரண்டு வலை, யாரோ ஒரு பிரின்சிபாலின் தயவு. நேஷனல் ஸ்டேடியத்தில் குர்சரண் சிங், பின்னாளில் மேற்கு தில்லியில் விராட் கோலியை வளர்த்த ராஜ்குமார் சர்மா, பாரத் நகரில் கௌதம் கம்பீரின் குரு சஞ்சய் பரத்வாஜ் என்று தில்லி கிரிக்கெட்டின் வரைபடமே இந்த மனிதர்களால் ஆனது. இவர்களில் தனி வகை தாரக் சின்ஹா.

1969-ல் சின்ஹாவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பள்ளி மாணவர்களுக்கான சி.கே. நாயுடு கோப்பைக்குத் தில்லி அணியைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தில்லியில் அந்த நாளில் கிரிக்கெட் என்பது மாடர்ன் ஸ்கூல் போன்ற பெரிய பள்ளிகளின், செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து கல்லூரிகளின் சொத்து. இரு கல்லூரிகளும் மோதும் ஆட்டம் ஒரு திருவிழா. பெரிய கிளப்புகளில் நுழைய அறிமுகம் வேண்டும். அரசுப் பள்ளிப் பையன் எவ்வளவு ரன் அடித்தாலும் அவனுக்காகப் பேச ஆள் கிடையாது. சின்ஹா தேர்வாளர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சொந்தமாகக் கிளப் தொடங்கினார். அரசுப் பள்ளிப் பையன்களே உறுப்பினர்கள். வைத்த பெயர் சானட். ஆங்கிலத்தில் பதினான்கு வரிக் கவிதைக்குப் பெயர் அது. பதினொருவர் ஆட, மூன்று பேர் ரிசர்வ் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரிதான்.

முதல் பத்தாண்டிலேயே பலன் தெரிய ஆரம்பித்தது. விக்கெட் கீப்பர் சுரிந்தர் கன்னா 1979 உலகக் கோப்பையில் ஆடினார். 1984 ஏப்ரலில் சார்ஜாவில் நடந்த முதல் ஆசியக் கோப்பையை இந்தியா வென்றபோது, இலங்கைக்கு எதிராக ஒரு அரை சதம், பாகிஸ்தானுக்கு எதிராக இன்னொன்று. தொடர் நாயகன் அவர்தான். அடுத்து வேகப்பந்து வீச்சாளர் ரந்தீர் சிங். பிறகு காஜியாபாத்திலிருந்து மனோஜ் பிரபாகர், மீரட்டில் பிறந்த ராமன் லம்பா. தில்லியின் எல்லைக்கு வெளியே இருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இந்தக் கிளப்பில் இடம் உண்டு என்ற செய்தி அப்போதே பரவிவிட்டது.

1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் தில்லியின் ரஞ்சி அணிப் பட்டியலைப் பார்த்தால் பாதி சானட் பட்டியல் போல இருக்கும். லம்பா, பிரபாகர், அஜய் சர்மா, சஞ்சீவ் சர்மா, அதுல் வாசன், மலையாளியான கே.பி. பாஸ்கர். தில்லி ரஞ்சிக் கோப்பையை வென்றது மொத்தம் 7 முறை. அதில் 1991-92 வெற்றியைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் ரசித்திருக்க நியாயமில்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றது தமிழ்நாடு.

இவர்களில் இருவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

ராமன் லம்பா 1986-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒரு நாள் தொடரில் அறிமுகமாகி, அந்தத் தொடரிலேயே நாயகனானார். உள்நாட்டில் அவர் அடித்த ரன்களுக்குக் கணக்கில்லை. 1987-88 துலீப் கோப்பையில் வடக்கு மண்டலத்துக்காக 320. பிறகு 1990-களில் ரஞ்சியிலும் ஒரு முச்சதம். இந்திய அணி அவரை 4 டெஸ்டுகளோடு மறந்தபோது அவர் கிரிக்கெட்டை மறக்கவில்லை. அயர்லாந்தில் ஆடினார், டாக்காவில் அபஹானி கிளப்புக்காக ஆடினார். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்கா பங்கபந்து ஸ்டேடியத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு எதிரான லீக் ஆட்டம். ஓவரில் மூன்று பந்துதான் பாக்கி. பேட்ஸ்மனுக்கு மிக அருகில் ஷார்ட் லெக்கில் நிற்க லம்பா போனார். ஹெல்மெட் அணியவில்லை. மெஹ்ராப் ஹுசேன் அடித்த பந்து நெற்றிப் பொட்டில் பட்டு, எகிறி விக்கெட் கீப்பரிடம் போனது. லம்பா எழுந்து நடந்தே பெவிலியனுக்குப் போனார். மூன்றாம் நாள் இறந்தார். வயது 38. சானட் கிளப்பின் மூத்த தலைமுறைக்கு அவர் பெயர் இன்றும் ஒரு காயம்.

அஜய் சர்மாவின் கதை வேறு. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் 1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில். நரேந்திர ஹிர்வாணி 16 விக்கெட் எடுத்து மேற்கிந்தியத் தீவுகளைச் சுருட்டிய அந்த டெஸ்டில்தான் நம்ம ஊர் டபிள்யூ.வி. ராமனும் அறிமுகமானார். ஹிர்வாணியின் சுழலில் மற்ற புதுமுகங்கள் மறைந்து போனதில் வியப்பில்லை. முதல் தர ஆட்டங்களில் 10,120 ரன்கள், சராசரி 67.46 என்ற எண்களை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரே டெஸ்டோடு நின்றது இந்திய கிரிக்கெட்டின் விசித்திரங்களில் ஒன்று. அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. 2000 டிசம்பரில், சூதாட்ட விசாரணைக்குப் பின் கிரிக்கெட் வாரியம் அஜய் சர்மாவுக்கு ஆயுள் தடை விதித்தது. மனோஜ் பிரபாகருக்கு ஐந்து ஆண்டு. சர்மாவை 2014-ல் தில்லி நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

பிரபாகரின் ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதுவும் சொந்த ஊரில். 1996 மார்ச் 2, உலகக் கோப்பை, பெரோஷா கோட்லா. இலங்கையின் ஜெயசூர்யா அவரது வேகப்பந்துகளை விரட்டியடிக்க, வேறு வழியில்லாமல் பிரபாகர் ஆஃப் ஸ்பின் போட ஆரம்பித்தார். 4 ஓவர், 47 ரன். 39 டெஸ்டும் 130 ஒரு நாள் ஆட்டமும் ஆடியவரைத் தில்லி ரசிகர்களே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு ஆடவில்லை. கிளப்புகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோப்பைகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு கிளப் மூன்று நான்கு வருடம் பையனை வைத்திருக்கிறது; அதற்குப் பிறகு உலகம் அவனை என்ன செய்கிறது, அவன் உலகத்தை என்ன செய்கிறான் என்பது கிளப்பின் கையில் இல்லை.

சின்ஹாவின் முறை எளிமையானது. கிளப்பில் அவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை, ‘உஸ்தாத்ஜி’. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பி.ஜி.டி.ஏ.வி. கல்லூரியில் பயிற்சியாளராக இருந்துகொண்டு, மற்ற நேரமெல்லாம் வலைக்கு அருகில். பந்து எங்கே விழுகிறது, பேட் எங்கிருந்து இறங்குகிறது என்பதைப் பார்க்கக் கண்ணும், சொல்லத் தொண்டையும் போதும் என்று இருந்தவர். அவருடைய ஒரு விதி நம் ஊர் அம்மாக்களுக்குப் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையோ கல்லூரித் தேர்வோ இருந்தால், அது முடியும்வரை அந்தப் பையன் வலைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பத்தாயிரத்தில் ஒருவன்தான் இந்தியாவுக்கு ஆடுவான், மற்றவர்கள் பிழைக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. ரயில்வேயிலும் வங்கிகளிலும் ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களிலும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கிடைத்த காலத்தில், கிளப் கிரிக்கெட் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு வேலை வாய்ப்பு அலுவலகம். அரசு ஊழியர் காலனிகளில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பெண்களையும் அவர் ஒதுக்கவில்லை. அஞ்சும் சோப்ரா இந்தக் கிளப்பில் பயின்றவர். 2001-02-ல் சின்ஹாவையே இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக நியமித்தார்கள். அந்தப் பருவத்தில் இங்கிலாந்து அணி வந்து ஒரு நாள் தொடரில் 5-0 என்று தோற்றுத் திரும்பியது. அதன் முதல் ஆட்டம் 2002 ஜனவரி 6 அன்று சென்னையில். வங்காளத்திலிருந்து வந்த ஒரு நெட்டைப் பெண் அன்று முதல்முறையாக இந்தியாவுக்குப் பந்து வீசினார். பெயர் ஜூலன் கோஸ்வாமி. உள்நாட்டில் தில்லி, ராஜஸ்தான், ஜார்க்கண்ட் அணிகளுக்கும் சின்ஹா பயிற்சி அளித்திருக்கிறார். ஆனால் எங்கே போனாலும் கிளப்புக்குத் திரும்பி வந்துவிடுவார்.

கிளப்புக்கு என்று சொல்வதா, யாருடைய மைதானத்துக்கு என்று சொல்வதா? சானட்டின் முகவரி பல முறை மாறியது. கடைசியில் நிலைத்தது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியில். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961-ல் தொடங்கிய கல்லூரி அது. தில்லிக்குப் படிக்க வரும் தென்னிந்திய மாணவர்கள் பலருக்கு முதல் புகலிடம். ஏழுமலையான் பெயரில் உள்ள கல்லூரி மைதானத்தில் பஞ்சாபி, ஜாட், கடுவாலிப் பையன்கள் மட்டை பிடித்தார்கள். தில்லிக்கு இந்த மாதிரி கலவை புதிதல்ல.

1990-களின் கடைசியில் வந்த அணியைத்தான் இன்றைய ரசிகர்கள் அதிகம் அறிவார்கள். தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் வளர்ந்த ஆஷிஷ் நெஹ்ரா. நஜஃப்கரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வீரேந்தர் சேவாக், வழியில் நெஹ்ராவையும் ஏற்றிக்கொண்டு கோட்லாவுக்குப் போவார் என்பது இருவரும் பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை. நெஹ்ரா 1999-ல் கொழும்பில் டெஸ்ட் அறிமுகம். 2003 உலகக் கோப்பையில் டர்பனில், வீங்கிய கணுக்காலுடன் இங்கிலாந்துக்கு எதிராக 23 ரன்களுக்கு 6 விக்கெட். 2017 நவம்பர் 1 அன்று கோட்லாவிலேயே விடைபெற்றார். 2022-ல் அவர் பயிற்சியளித்த குஜராத் டைட்டன்ஸ் முதல் முயற்சியிலேயே ஐ.பி.எல். கோப்பையை வென்றது.

சின்ஹா கடைசிவரை வாடகை வீட்டுக்காரராகவே இருந்திருப்பார் என்றும், அதைத் தடுத்தது நெஹ்ரா என்றும் தில்லி கிரிக்கெட் வட்டாரத்தில் சொல்வார்கள். ஒரு நாள் உஸ்தாத் பயிற்சிக்குத் தாமதமாக வந்தார். என்ன விஷயம் என்று நெஹ்ரா கேட்க, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், வீடு தேடிக்கொண்டிருந்தேன் என்று பதில். அதற்குப் பிறகு சின்ஹா வீடு தேட வேண்டியிருக்கவில்லை. நெஹ்ரா ஏற்பாடு செய்துவிட்டார்.

ஆகாஷ் சோப்ரா வேறு வார்ப்பு. அலங்காரமில்லாமல் புதுப்பந்தைத் தேய்த்துக் கொடுக்கும் ஓப்பனர். 2003-04-ல் ஆஸ்திரேலியாவில் மறுமுனையில் சேவாக் வெடிக்க, இவர் நின்றார். 10 டெஸ்டோடு இந்திய வாய்ப்பு முடிந்தது. ஆனால் தில்லி 2007-08-ல் பதினாறு ஆண்டுக்குப் பின் ரஞ்சிக் கோப்பையை வென்ற பருவத்தைப் பற்றி அவர் எழுதிய ‘பியாண்ட் த புளூஸ்’, உள்நாட்டு ஆட்டக்காரனின் ரயில் பயணம், ஓட்டல் அறை, காத்திருப்பு எல்லாவற்றையும் சொல்லும் அபூர்வமான புத்தகம். அந்த அணியில் இன்னொரு சானட் பையனும் இருந்தார்: பன்னிரண்டு வயதில் சின்ஹாவிடம் வந்த ஷிகர் தவன். தவன் காத்திருந்தது அதிகம். 2013 மார்ச்சில் மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டில் இறங்கியபோது அவருக்கு 27 வயது. 85 பந்தில் சதம். அறிமுக டெஸ்டில் அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. 187-ல் அவுட் ஆனார். 2024 ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார்.

பிறகு ரூர்க்கிப் பையன்.

ரூர்க்கி தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். பன்னிரண்டு வயது ரிஷப் பந்த் வார இறுதிகளில் அம்மாவோடு நடுச்சாமத்தில் பஸ் ஏறி, விடியும்போது தில்லியில் இறங்குவான். பயிற்சி மைதானத்துக்குப் போக வேண்டும். இரவு தங்க இடம் வேண்டும். ஓட்டலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தங்கியது சரோஜினி நகருக்கு அப்பால் ரிங் ரோட்டில் உள்ள மோதி பாக் குருத்வாராவில். 1707-ல் குரு கோவிந்த் சிங் தங்கிய இடம் அது. பையன் வலையில் இருக்கும்போது அம்மா லங்கரில் சேவை செய்வார். பிறகு சொந்தக்காரர், வாடகை அறை என்று ஏதேதோ ஏற்பாடு நடந்தது. சின்ஹாவும் அவருடைய வலக்கரமான தேவேந்தர் சர்மாவும் பையனின் ஆட்டத்தை அடியிலிருந்து மாற்றினார்கள். நடுவே வாய்ப்புத் தேடி ராஜஸ்தானுக்கு அனுப்பினார்கள். வெளி மாநிலத்தவன் என்று அங்கே கதவடைத்தார்கள். திரும்பித் தில்லிக்கே வந்தான்.

2016 அக்டோபரில் மும்பை வான்கடேயில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக 308. அடுத்த மாதம் ஜார்க்கண்டுக்கு எதிராக 48 பந்தில் சதம். ரஞ்சியில் அப்போது அதுவே அதிவேகம். 2018-ல் டிரென்ட் பிரிட்ஜில் டெஸ்ட் வாழ்க்கையின் முதல் ரன்னே சிக்ஸர். 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியா 32 ஆண்டுகளாகத் தோற்காத காபா மைதானத்தில், ஆட்டமிழக்காமல் 89 அடித்துத் தொடரை வென்று கொடுத்தார். உஸ்தாத் அதைப் பார்த்துவிட்டார்.

அதே 2021-ல்தான் இன்னொரு செய்தியும் வந்தது. கல்லூரி மைதானத்தைக் காலி செய்யும்படி சானட் கிளப்பிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. கல்லூரிக்கும் நியாயம் உண்டு. மைதானம் மாணவர்களுக்கு, தனியார் கிளப்புக்கு எழுதிக் கொடுத்ததல்ல. ஆனால் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எல்லோரும் அந்த இடத்தைச் சானட் என்றே சொல்லி வந்தார்கள். பந்த் சமூக வலைத்தளத்தில் வருத்தத்தை வெளிப்படையாக எழுதினார். காபாவில் ஜெயித்தவரின் குருவுக்கு ஸ்டம்ப் நட இடம் இல்லையா என்று பத்திரிகைகள் கேட்டன. அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தரும் செய்தியல்ல. காலி செய்யச் சொல்லும் காகிதம் ஒரு நாள் வரும் என்று தெரிந்தேதான் அங்கே எல்லோரும் ரோஜாச் செடி வைக்கிறார்கள்.

சின்ஹாவை அப்போது நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 2021 நவம்பர் 6 அதிகாலை இறந்தார். வயது 71. பந்த் அந்த நேரத்தில் வளைகுடாவில் டி20 உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தார். துரோணாச்சார்யா விருது சின்ஹாவுக்குக் கிடைத்தது 2018-ல். குர்சரண் சிங்குக்கு 1987-லும் மும்பையின் அச்ரேக்கருக்கு 1990-லும் கொடுத்தவர்கள், லம்பாவையும் பிரபாகரையும் நெஹ்ராவையும் தவனையும் கொடுத்தவரை 2018 வரை நிற்க வைத்தார்கள். தில்லி கிரிக்கெட் சங்கத்தின் உள் அரசியல் தெரிந்தவர்கள் இதற்கு வியப்படைய மாட்டார்கள். ஓட்டுப் போடுபவர் நேரில் வராமல் இன்னொருவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பிராக்ஸி முறை அங்கே பல தலைமுறையாகக் கோலோச்சியது. நீதிமன்றம் தலையிட்டு, நிர்வாகி நியமித்து, 2018-ல் தேர்தல் நடந்தபோதுதான் அதற்கு முடிவு வந்தது. எத்தனை வலை கட்டினார் என்று எண்ணாமல் எத்தனை ஓட்டு வைத்திருக்கிறார் என்று எண்ணிய சங்கத்தில், சின்ஹா போன்றவர்களின் கை தாழ்ந்தே இருந்தது.

எண்ணிப் பார்த்தால், கன்னா முதல் பந்த் வரை ஆண்கள் பதினொருவர், அஞ்சும் சோப்ரா என்று குறைந்தது பன்னிரண்டு பேர் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார்கள். முதல் தர ஆட்டக்காரர்கள் அதைப் போல் பல மடங்கு. பி.ஜி.டி.ஏ.வி. கல்லூரியின் பெயரும் கிரிக்கெட் பக்கங்களில் வந்தது.

இப்போது தில்லியில் கிளப் கிரிக்கெட்டின் பணம் வேறு வழியில் பாய்கிறது. 2024 ஆகஸ்டில் தில்லி பிரீமியர் லீக் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2016-லேயே டி.என்.பி.எல். வந்துவிட்டது, தில்லிக்கு எட்டு வருடம் பிடித்தது. ஏலம், விளக்கு வெளிச்சம், டி.வி. எல்லாம் உண்டு. சரோஜினி நகர் வட்டாரத்துக்கு உரிமை கொண்டாடும் அணியின் பெயர் சவுத் தில்லி சூப்பர்ஸ்டார்ஸ். ஆகஸ்ட் 31 அன்று அந்த அணி வடக்கு தில்லிக்கு எதிராக 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 308 ரன்கள் குவித்தது. பிரியான்ஷ் ஆர்யா ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்து 120. கேப்டன் ஆயுஷ் பதோனி 55 பந்தில் 165. அதில் 19 சிக்ஸர்கள். பதோனி சானட் பையன்.

அதே ஆண்டு நவம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில் லக்னோ அணி ரிஷப் பந்தை 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த ஏலத்தில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. 2022 டிசம்பர் 30 விடியற்காலை, தில்லியிலிருந்து ரூர்க்கி போகும் அதே சாலையில் கார் கவிழ்ந்து எரிந்து, பிழைப்பாரா, நடப்பாரா என்று பேசப்பட்டவர். 2025 ஜூனில் ஹெடிங்லி டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார்.

சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் சதுரங்கள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏழு காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் மூன்றும் என்.பி.சி.சி. வசம் போயின. 2018-ல் மரங்களை வெட்ட ஆரம்பித்தபோது காலனிவாசிகள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள்; உயர் நீதிமன்றம் தடை விதித்தது; திட்டத்தைத் திருத்தினார்கள். பக்கத்து நௌரோஜி நகரில் பையன்கள் ஆடிய இடத்தில் உலக வர்த்தக மையம் என்ற பெயரில் அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. இரண்டு மாடி இருந்த இடத்தில் பல மாடி. அதே 2018 ஆகஸ்டில் மெட்ரோவின் பிங்க் லைன் வந்தது. சரோஜினி நகரில் ஏறினால் பிகாஜி காமா பிளேஸ், மோதி பாக், அதற்கடுத்து சவுத் கேம்பஸ். வெங்கடேஸ்வரா கல்லூரிக்கு அங்கே இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வண்டியில், மார்க்கெட் கூட்டம் வருவதற்கு முன்பு, தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் கிட் பையைக் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு சில பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பெரும்பாலும் அம்மாதான் இருப்பார். கையில் டிபன் டப்பா.